பதினேழாம் வாய்ப்பாட்டில் வரும்

“பதினேழாம் வாய்ப்பாட்டில் வருமா, பார்ப்போம் ஆன்ட்டி. நாமே பதினேழு பேர்தானே” என்றாள் அவள். வயது பதினொன்று. மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கரும்பலகையில் நான் எழுதியிருந்த எண் 152184. அதை எட்டால் வகுத்து, மூன்றால் வகுத்து, 6341 என்று வந்த இடத்தில் வகுப்பே நின்றுபோயிருந்தது. ஏழாம் வாய்ப்பாடு பார்த்தாயிற்று, மீதி 6. பதினொன்றில் மீதி 5. பதின்மூன்றில் மீதி 10. அப்போதுதான் இவள் வாயைத் திறந்தாள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தென்மேற்கே சாட்ஸ்வர்த்தில், கோயிலை ஒட்டிய கூடத்தில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். அதனால் தமிழ் வகுப்பிலும் எப்படியோ கணக்கு வந்துவிடும். அன்று எண்ணுப்பெயர்கள் பாடம். ஆயிரம் வரைக்கும் பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள். அதற்கு மேல் ஒரு பெரிய எண் வேண்டியிருந்தது. இந்த ஊர்த் தமிழர்களுக்கு இதைவிடப் பொருத்தமான எண் கிடையாது என்று நினைத்துத்தான் 152184-ஐ எழுதினேன்.

1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அடங்கிய ஆங்கிலேயரின் நேட்டால் காலனிக்குக் கப்பலில் வந்து இறங்கியவர்களின் தொகை அது. முதல் கப்பல் ட்ரூரோ, சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அதில் 342 பேர். அதற்குப் பிறகு 51 ஆண்டுகளில் மொத்தம் 384 கப்பல் வரவுகள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள், மற்றவர்கள் கல்கத்தாவில். ஆண், பெண், கைக்குழந்தை எல்லோரும் இந்தக் கணக்கில் சேர்த்தி. இறங்கிய ஒவ்வொருவருக்கும் காலனி எண் ஒன்று கொடுத்தார்கள். என் ஆயா தன் அம்மாவின் எண்ணை மனப்பாடமாகச் சொல்லுவாள். ஊர்ப் பெயர், அப்பா பெயர், எண், மூன்றையும் ஒரே மூச்சில். சிறுவயதில் அந்த எண்ணும் கொள்ளுப்பாட்டியின் பெயரில் ஒரு பாதி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் சாட்ஸ்வர்த்துக்குக் குடிவைக்கப்பட்டபோதும் தெருக்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். எண்ணோடு வாழ்ந்து பழகிய சனம் நாங்கள்.

இந்த எண்ணை எழுதுவதிலேயே மூன்று விதம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 152 என்று எழுதி, கொஞ்சம் இடம்விட்டு 184 என்று எழுதுவோம். இந்தியாவில் 1,52,184 என்று லட்சத்துக்குப் பின் காற்புள்ளி விழும். பழைய தமிழ் முறை இன்னும் வேறு: ௱௫௰௨௲௱௮௰௪. நூறு, ஐந்து பத்து, இரண்டு, இவ்வளவு ஆயிரம், அப்புறம் நூறு, எட்டு பத்து, நான்கு. வாயால் சொல்லுகிறபடியே எழுத்து நடக்கிறது. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறி இருப்பதால் இடமதிப்பே தேவையில்லை. பலகையில் இதை எழுதியதும் பிள்ளைகள் தாங்களாகவே உரக்கப் படித்தார்கள்: நூற்று ஐம்பத்திரண்டாயிரத்து நூற்று எண்பத்து நான்கு. அந்தக் கப்பல்களில் வந்தவர்களில் கணக்கு தெரிந்தவர்கள் ஒருவேளை இப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

எவ்வளவு பெரியது என்று கேட்டான் ஒரு பையன். நொடிக்கு ஒன்றாக எண்ணிக்கொண்டே போனால் 42 மணி 16 நிமிடம் 24 நொடி ஆகும் என்றேன். சாப்பாடு, தூக்கம் எதுவும் இல்லாமல். அவன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

சரி, பதினேழுக்கு வருகிறேன். பதினேழால் வகுபடுமா என்று பார்க்க ஒரு கைவழி இருக்கிறது. கடைசி இலக்கத்தை ஐந்தால் பெருக்கி, மிச்சமுள்ள எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். 152184-இல் கடைசி இலக்கம் 4. ஐந்து மடங்கு 20. 15218-இலிருந்து 20 போனால் 15198. மறுபடியும் எட்டு ஐந்து நாற்பது. 1519-இல் 40 போனால் 1479. ஒன்பது ஐந்து நாற்பத்தைந்து. 147-இல் 45 போனால் 102. 102 என்பது ஆறு பதினேழு. கடைசியில் பதினேழின் மடங்கு வந்தால் முதலில் இருந்ததும் பதினேழின் மடங்குதான். இதற்கெல்லாம் காரணம் 51 என்ற எண். மூன்று பதினேழு 51. ஒன்றாம் இடத்திலிருந்து ஒன்றை எடுத்து, பத்தாம் இடத்திலிருந்து ஐந்தையும் எடுத்தால் மொத்தம் 51 குறைகிறது. பதினேழின் மடங்கைக் கழித்தால் பதினேழுக்கு ஒரு சேதமும் இல்லை. பிள்ளைகள் இதை ஒருவர் மாற்றி ஒருவர் பலகைக்கு வந்து செய்தார்கள். 102 வந்தபோது கூடத்தில் எழுந்த சத்தத்தில், வெளியே பூக்கட்டிக்கொண்டிருந்த அக்கா உள்ளே எட்டிப்பார்த்தார்.

6341-ஐப் பதினேழால் வகுத்தால் 373. அதோடு முடிந்தது, 373 ஒரு பகா எண். 2, 3, 5, 7, 11, 13, 17, 19 வரை பார்த்தால் போதும், ஏனென்றால் இருபது இருபது நானூறு ஆகிவிடுகிறது. ஆக, 152184 = 8 × 3 × 17 × 373.

இந்த 373-ஐப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. பகா எண்களிலேயே இதற்கு ஒரு தனி இடம் உண்டு. பலகையில் பெரிதாக எழுதி, முதல் இலக்கத்தை உள்ளங்கையால் மறைத்தேன். 73, பகா எண். கடைசி இலக்கத்தை மறைத்தேன். 37, அதுவும் பகா எண். ஒற்றை இலக்கங்களாகப் பிரித்தால் 3, 7, 3. எல்லாமே பகா எண்கள். எங்கே வெட்டினாலும், எந்தத் துண்டை எடுத்தாலும், அது மேலும் வகுபடாது. இப்படிப்பட்ட எண்கள் இந்த உலகத்தில் மொத்தமே ஒன்பது: 2, 3, 5, 7, 23, 37, 53, 73, 373. அவற்றில் மிகப் பெரியது இதுதான். எண்கள் முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தாலும் பத்தாவதாக ஒன்று ஒருநாளும் அகப்படாது.

அகப்படாது என்பதை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் காட்டிவிடலாம். ஒற்றை இலக்கப் பகா எண்கள் 2, 3, 5, 7 மட்டும். எல்லா இலக்கமும் இவற்றில் ஒன்றாக இருந்தாக வேண்டும். இரட்டை இலக்க எண்ணின் கடைசியில் 2 வந்தால் இரண்டால் வகுபடும், 5 வந்தால் ஐந்தால் வகுபடும். அதனால் கடைசியில் 3 அல்லது 7. 27, 33, 57, 77 நான்கும் பகு எண்கள். மிஞ்சுவது 23, 37, 53, 73. இவற்றை ஒன்றோடொன்று கோத்து மூன்று இலக்கம் ஆக்கினால் 237, 537, 373, 737 என்று நான்கு வரும். 237-க்கு இலக்கக் கூட்டுத்தொகை 12, 537-க்கு 15. இரண்டும் மூன்றால் வகுபடும். 737 என்பது 11 × 67. தப்பிப் பிழைப்பது 373 ஒன்று மட்டும். நான்கு இலக்கத்துக்குப் போக வேண்டுமானால் முதல் மூன்று இலக்கமும் 373, கடைசி மூன்று இலக்கமும் 373 என்று இருக்க வேண்டும். முதலில் 373 எழுதிவிட்டால் கடைசி மூன்று இலக்கம் 73 என்றுதானே தொடங்கும்? வழி அடைபட்டுவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக, ஒரு ஓட்டை இல்லாமல் முடிகிற நிரூபணம் வெகு சிலதான் உண்டு. எங்கள் முன்னோர்களின் தொகைக்குள்ளே இந்த எண் இத்தனை நாள் உட்கார்ந்திருந்ததை நான் பார்க்காமலே இருந்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போன பிறகும் அந்த எண் என்னை விடவில்லை. அத்தனை பேரும் ஒரு மைதானத்தில் வரிசையாக நின்றால் எப்படியிருக்கும் என்று நோட்டுப் புத்தகத்தில் போட்டுப் பார்த்தேன். 390 வரிசை, வரிசைக்கு 390 பேர் என்று சதுரமாக நிறுத்தினால் 152100. 84 பேர் வெளியே நிற்பார்கள். 391-க்கு 391 என்று பெரிதாக்கினால் 697 இடம் காலியாகக் கிடக்கும். யாரையும் வெளியே விடாமல், ஓர் இடமும் காலியில்லாமல் நிறுத்த வேண்டுமென்றால், சதுரத்துக்கு மிக அருகில் வருவது 408 வரிசை, வரிசைக்கு 373 பேர். இந்த எண்ணுக்கு ஒன்றையும் தன்னையும் சேர்த்து 32 வகுத்திகள் உண்டு. அவற்றில் 373-க்கும் 408-க்கும் இடையில் வேறு எதுவும் கிடையாது.

இரண்டு சதுரமாகப் பிரித்து நிறுத்தலாமா? முடியாது. நான்கால் வகுத்தால் 3 மீதி தரும் பகா எண் ஏதாவது ஒற்றைப்படைத் தடவை காரணியாக வந்தால் அந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதவே இயலாது. இந்த விஷயத்தின் அடிப்படையைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா 1640-இல் கிறிஸ்துமஸ் நாளன்று சக அறிஞர் மெர்சேனுக்கு எழுதிய கடிதத்தில் சொன்னார். நூறு வருடம் கழித்து ஆய்லர் என்ற கணித அறிஞர் நிரூபித்தார். நம் எண்ணில் 8-ம் 17-ம் 373-ம் தகராறு செய்யவில்லை. 373 = 7² + 18², 17 = 4² + 1², 8 = 2² + 2². அந்த ஒரே ஒரு 3தான் குறுக்கே நிற்கிறது. மூன்று சதுரம் என்றால் சரி: 388-க்கு 388 ஒன்று, 38-க்கு 38 ஒன்று, 14-க்கு 14 ஒன்று. பெரிய சதுரம் போக மிச்சமுள்ளவர்கள் 1640 பேர். ஃபெர்மா கடிதம் எழுதிய அதே வருடத்தின் எண். இதில் உட்பொருள் எதுவும் இல்லை, வெறும் தற்செயல்தான். ஆனாலும் இராத்திரி பதினொரு மணிக்கு அதைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ட்ரூரோவின் 342-ஐயும் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். 18 × 19. ஏழின் கனம் 343. அதற்கு ஒன்று குறைவு. இதே அளவு ஆட்களோடு 445 ட்ரூரோக்கள் வந்திருந்தால் 152190 பேர் இறங்கியிருப்பார்கள். உண்மையான தொகைக்கும் அதற்கும் ஆறு பேர்தான் வித்தியாசம். உண்மையில் வந்த 384 கப்பல்களுக்குப் பங்கிட்டால் ஒரு கப்பலுக்கு 396 பேர் வீதம் போக 120 பேர் மீதி.

இந்த ஆட்களுக்குப் போட்ட சம்பளக் கணக்கையும் சொல்ல வேண்டும். ஐந்து வருட ஒப்பந்தம். ஆண்களுக்கு முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும், ஐந்தாம் வருடம் 14. கூட்டினால் ஐந்து வருடத்துக்கும் 720 ஷில்லிங். ஒன்றிலிருந்து ஆறு வரை பெருக்கினாலும் 720தான். இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு, ஆக 36 பவுண்டு. பிடித்தம் எதுவும் இல்லாமல், ஒரு நாளும் படுக்காமல் வேலை செய்திருந்தால் இவ்வளவு. 1895-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: ஒப்பந்தம் முடிந்த பிறகு மறு ஒப்பந்தமும் எழுதாமல், ஊருக்கும் திரும்பாமல் இங்கேயே இருக்க விரும்புகிறவர் வருடத்துக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும். 60 ஷில்லிங். முதல் வருடச் சம்பளத்தில் ஆறு மாதம். அந்த வரியை எதிர்த்து 1913-இல் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் நடந்தது. 1914-இல் வரி போயிற்று. இந்தக் கணக்கை வகுப்பில் போட்டுக் காட்டியபோது யாரும் சத்தம் போடவில்லை.

அந்த வாரம் முழுக்க 8 × 3 × 17 × 373 என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எட்டும் மூன்றும் பெருக்கினால் 24. பதினேழு பிள்ளைகள். வந்து இறங்கியவர்களின் பெயர்களை ஞாயிறுதோறும் ஆளுக்கு 373 வீதம் வாசித்தால் 24 ஞாயிறில் முடியும். ஒரு பெயருக்கு ஐந்து நொடி வைத்தால் 31 நிமிடம், கூட 5 நொடி. வகுப்பில் அரைமணி நேரத்தை இதற்கு விடலாம். எல்லோரும் ஒரே நேரத்தில், அவரவர் பங்கை அவரவர் மெல்லிய குரலில் வாசித்தால் ஒருவர் பாக்கி இல்லாமல் எல்லோருடைய பெயரும் இந்தக் கூடத்தில் ஒருமுறை சொல்லப்பட்டுவிடும். நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன். ட்ரூரோ வந்த நாளான நவம்பர் 16, 2025-இல் ஞாயிற்றுக்கிழமை. அதிலிருந்து பின்னோக்கி 24 ஞாயிறு எண்ணினால் ஜூன் 8. அடுத்த வாரமே ஜூன் 8.

கப்பல் பட்டியல்கள் கணினியில் ஏறிப் பல வருடங்கள் ஆகின்றன. வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் முதலில் தேடிப் போவது அந்தப் பட்டியலைத்தான். பேத்தியை உட்காரவைத்து 373 வரிக்கு ஒரு கட்டாக 408 கட்டுகள் அச்செடுத்தோம். அச்சு இயந்திரத்துக்கு மை வாங்க இரண்டு தடவை கடைக்கு ஓடினோம். எங்காவது பெயர் மங்கியோ விட்டோ போயிருந்தால் அந்த இடத்தில் காலனி எண்ணை வாசிப்பது என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள்.

பட்டியல் ஆங்கில எழுத்தில் இருக்கிறது. காதில் விழுந்ததைக் குமாஸ்தா எழுதியது. மூன்சாமி என்று எழுதியிருப்பதை முனுசாமி என்று திருத்தி வாசிக்கக் கற்றுக்கொள்வதற்கே முதல் இரண்டு வாரம் ஆயிற்று. பிள்ளைகளின் குடும்பப் பெயர்களும் அப்படித்தானே: கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார். மூன்றாவது வாரத்திலிருந்து வாசிப்பு ஓடத் தொடங்கியது. பெயர், அப்பா பெயர், வயது, ஊர். வட ஆற்காடு, செங்கற்பட்டு, தஞ்சாவூர். பதினேழு குரல் ஒன்றாகக் கேட்கும்போது தேனீக் கூட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

ஒருநாள் அந்தப் பதினொரு வயதுக்காரி கட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். வயது என்ற இடத்தில் மாதக் கணக்கு போட்டிருந்தது.

“இது பாப்பா ஆன்ட்டி. பாப்பா எப்படிக் கையெழுத்துப் போடும்?”

“போடாது கண்ணு. அம்மா இடுப்பில் வந்திருக்கும்.”

“அப்போ இதையும் ஒண்ணுன்னு எண்ணலாமா?”

“எண்ணியாச்சும்மா. இந்தப் பாப்பாவை விட்டுவிட்டால் 152183. அது இரண்டாலும் போகாது, மூன்றாலும் போகாது, பதினேழாலும் போகாது. நம்ம கட்டு எதுவும் சரியாக வராது.”

அவள் திரும்பிப் போய் அந்தப் பெயரை மறுபடி ஒருமுறை, கொஞ்சம் உரக்க வாசித்தாள்.

ஒன்பது ஞாயிறு முடிந்த பிறகு ஒரு பையனின் அப்பாவுக்கு ஜோகன்னஸ்பர்க்கில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார்கள். பதினாறு பேர் ஆனோம். அவன் பங்கை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். அவனுக்கு மிச்சம் 15 கட்டு, 5595 பெயர். பதினாறால் வகுத்தால் 349 போக 11 மீதி. மொத்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும் பதினாறு ஒத்துவராது. 2 என்ற காரணி மூன்று தடவைதான் உள்ளே இருக்கிறது, நான்காவது 2 கிடையாது. ஆளுக்கு 9511, கூட அரை. அரை ஆளை யார் வாசிப்பது? புதிதாக இரண்டு பேரைச் சேர்த்துப் பதினெட்டு ஆக்கினாலும் ஆகாது, ஒன்பதாலும் இது வகுபடாது. பதினேழு என்றால் பதினேழுதான். மூன்றாவது பெஞ்சில் காலியான இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன். நாற்பது வருடத்துக்குப் பிறகு பெஞ்சில் உட்கார்ந்து பலகையைப் பார்க்கிறேன். பக்கத்தில் அந்தப் பதினொரு வயதுக்காரி. எனக்கு ஊர்ப் பெயர் தடுமாறினால் தன் வாசிப்பை நிறுத்தாமலே விரலால் தட்டிக் காட்டுவாள்.

நவம்பர் 16 அன்று பெற்றோர் சிலரும் வந்து பின்னால் நின்றார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. கடைசிக் கட்டு. ஒவ்வொருவராக முடித்துத் தாளைக் கவிழ்த்து வைத்தார்கள். நான் பதினைந்தாவதாக முடித்தேன். அவள் பதினாறாவது. கடைசியில் எட்டு வயதுப் பையன் ஒருவன் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான், ஒரு பெயரையும் விழுங்கமாட்டான். இன்னும் நாற்பது பெயராவது பாக்கி இருந்திருக்கும். யாரும் அசையவில்லை. பெயர், அப்பா பெயர், வயது, ஊர். விரல் தாளில் கீழே கீழே இறங்கியது. கடைசி வரியை வாசித்துவிட்டு, அதற்குக் கீழே இருந்த வெள்ளை இடத்தில் விரலை வைத்தபடி நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“அவ்வளவுதானா ஆன்ட்டி?”

“அவ்வளவுதான் ராசா.”

பின்னால் யாரோ தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கப் போனார்கள்.